மழை ‘மவை’ ஆன கதை: பேரனிடம் ஒரு மன்னிப்பு



பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். இங்கே ஏற்காட்டில் மூன்று நாளாக மூட்டம். எதிர்வீட்டுச் சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. வெளியே போக வழியில்லாததால் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு படம் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பேரன் டைப் செய்த ஒரு பக்கத்தில் தப்பான எழுத்துகளை எல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு, “ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு லகரம் ளகரம் தெரியவில்லை, தமிழ் டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலைமை” என்று எழுதியிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். அந்தப் பையன் ஒன்றும் பதில் போடவில்லை. அடுத்த நாளே ஆத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்கப்புறம் மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு அவன் மேல் இல்லை. எல்லோர் முன்னாலும் திட்டியதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலிலிருந்து சொல்கிறேன்.

1986-இல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 2017-இல் ஓய்வு பெறும்வரை, பள்ளி விட்டதும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதும் பழக்கம் எனக்கு. பாடக்குறிப்பு இல்லை, அது வேறு. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் முதன்முதலாகப் பெரிய எழுத்துக் கூட்டிப் படித்தார்கள், யார் வீட்டில் காபிப் பழம் பறிக்கப் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள், இப்படி. முப்பத்தொரு நோட்டு சேர்ந்திருக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் கூடும்போது ஆளுக்கொரு பிரதி கையில் கொடுக்க வேண்டும் என்று டைப் செய்ய ஆரம்பித்தேன். மே மாதம் விடுமுறைக்கு வந்த பேரன், “அம்மாயி, பாதி நான் அடிச்சுத் தரேன்” என்று தானாக முன்வந்தான். பள்ளி திறந்த பிறகும் சனி, ஞாயிறு வந்து அடித்தான்.

கம்ப்யூட்டர் 2015-இல் என் வீட்டுக்காரர் சேலத்தில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அவர் போன பிறகு அதை மாற்ற மனசு வரவில்லை. ஜூன் மாதம் மழை பிடித்ததிலிருந்து அது படுத்த ஆரம்பித்தது. டைப் செய்துகொண்டே இருப்பேன், ஜன்னல் அப்படியே மூடிக்கொள்ளும். அடுத்த நாள் வேர்ட் நன்றாக இருக்கும், குரோம் போய்விடும். இன்னொரு நாள் போட்டோ பார்க்கும்போது போகும். சில நாள் முழுத்திரையும் நீலமாகி, வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுத் தானே அணைந்து ஏறும். ஒரு தடவை, நாற்பது பக்கம் உள்ள கோப்பு சேதமாகிவிட்டது, திறக்க முடியாது என்றே சொல்லிவிட்டது.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். பையன் ஏதோ விளையாட்டை ஏற்றிவிட்டான், வைரஸ் வந்துவிட்டது. கேட்டேன். இல்லை என்றான். நம்பவில்லை.

சேலத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கியதை நினைத்தால் இப்போதும் முட்டி வலிக்கிறது. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி நீலத்திரை. பேரன் கை வைக்காமலே. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பிழை மலிந்த பக்கத்தைப் பார்த்துக் கொதித்துப் போயிருந்தேன்.

“இன்று மழை. பதினொரு பேர் வந்தார்கள். சத்துணவு அடுப்பங்கரையில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொன்னேன்.” இது 1993 ஜூலையில் நான் எழுதியது. திரையில் “இன்று மவை” என்று இருந்தது. வேறோர் இடத்தில் “காபி வேளைக்குப் போய்விட்டான்”. தலைச்சோலை தளைச்சோலை ஆகியிருந்தது. நாகலூர் நாகளூர் ஆகியிருந்தது. ‘பாட்டு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பிட்டு’. அங்கங்கே எழுத்தே இல்லாமல் வெறும் கட்டம்.

“அம்மாயி, நான் மழைன்னுதான் அடிச்சேன்” என்றான். “அப்ப மழையை யாருடா மவையாக்கினா, பேயா?” என்று கேட்டேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

ஆகஸ்டில் என் பழைய மாணவன் ஒருவன் வேறு விஷயமாக போன் செய்தான். 1998-இல் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவன், இப்போது சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி இது: “டீச்சர், ஒரே புரோகிராம் ஒரே இடத்துல நிக்குதா? இல்ல, வேற வேற புரோகிராம் வேற வேற நேரத்துல நிக்குதா?”

ஒரே புரோகிராம், ஒரே வேலையைச் செய்யும்போது மட்டும் விழுந்தால் குற்றம் பெரும்பாலும் அந்தப் புரோகிராமில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புரோகிராம்கள் மாறி மாறி விழுந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொன்னால், அவை எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவாக இருக்கிற பொருளைப் பார்க்க வேண்டும். மின்சாரம், சூடு, டிஸ்க், மெமரி. விண்டோஸைப் புதிதாக ஏற்றியும் போகவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது என்றான்.

அவன் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தான்! தினமும் குறிப்பு எழுதச் சொன்னான். தேதி, நேரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தேன், என்ன சொல்லிவிட்டு நின்றது, கரண்ட் எப்படி இருந்தது, மழை உண்டா. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையா? பத்தொன்பது நாளில் இருபத்தேழு தடவை விழுந்திருந்தது. வேர்ட் ஒன்பது, குரோம் எட்டு, போட்டோ மூன்று, யூடியூப் பார்க்கிற செயலி இரண்டு, நீலத்திரை ஐந்து. நீலத்திரை ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் சொல்லும். ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒருநாள் பேஜ் ஃபால்ட். காலையிலும் உண்டு, ராத்திரியிலும் உண்டு. மழை நாளிலும் உண்டு, வெயில் அடித்த இரண்டு நாளிலும் உண்டு.

நான் கரண்டைத்தான் சந்தேகப்பட்டேன். மலைமேல் சாயங்காலம் வோல்டேஜ் எப்படி ஆடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு யுபிஎஸ் பெட்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். அப்படியும் விழுந்தது. பவர் சப்ளை தளர்ந்தால் பெரும்பாலும் மொத்த மெஷினும் அணைந்து ஏறும், இப்படி ஒரு ஜன்னல் மட்டும் மூடிக்கொள்வது குறைவு என்று மாணவன் சொன்னான். குறைவுதான், இல்லவே இல்லை என்று இல்லை. அதனால் மதர்போர்டில் சிறு டப்பா போல நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மட்டமான ரசாயனத்தால் உலகம் முழுவதும் ஏராளமான போர்டுகளில் அது உப்பி வெடித்ததாம். என்னுடையதில் எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடு, ஒரு கைப்பிடித் தூசு. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். சூடு காட்டும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தால், முழு வேலை கொடுத்தும் பிராசஸர் ஐம்பது டிகிரியைத் தாண்டவில்லை. ஏற்காட்டுக் குளிருக்கு நன்றி. டிஸ்க்கைச் சோதிக்கும் புரோகிராமும் நலம் என்றது.

மிச்சம் மெமரி. விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை இருக்கிறது. போட்டேன், இருபது நிமிடம் ஓடி ஒரு குறையும் இல்லை என்றது. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. மாணவன் விடவில்லை. “டீச்சர், பத்து நிமிஷம் பார்த்துட்டு பையனுக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லுவீங்களா? ராத்திரி முழுக்கப் பாக்கணும்” என்றான். மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். விண்டோஸே ஏறாமல் அது நேராக ஓடும். மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். பிறகு வேறு எண். மறுபடி முதலிலிருந்து. சொல்வதெழுதல் பயிற்சிதான், வேறொன்றுமில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்தேன். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுத்தம். பதினொன்றே முக்காலுக்கு எழுந்து பார்த்தேன், மூன்றாம் சுற்றில் ஒரு சிவப்பு வரி. விடியும்போது பதினான்கு வரி. போட்டோ எடுத்து அனுப்பினேன். “பதினாலுலயும் தப்பு ஒரே இடத்துல இருக்கு பாருங்க டீச்சர். கடைசி இலக்கம் 0 இருக்கணும், 1 இருக்கு” என்றான்.

ராம் என்று சொல்கிறோமே, அந்தப் பட்டையில் ஒவ்வொரு 0-வும் 1-ம் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம். 4 ஜிபி பட்டையில் அப்படி கிட்டத்தட்ட 3,436 கோடி இருக்கின்றன. எல்லாமே ஒழுகுகிற குடங்கள். அதனால் 64 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறது மெஷின். அதில் சில குடங்கள் கெட்டுப்போனால் சூடேறிய பிறகோ, அக்கம்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட விதமாக எழுதப்படும்போதோ மட்டும் தப்பாகப் படிக்கும். கடையில் ஒன்றும் திறக்காமல் சும்மா ஓடவிட்டபோது அந்தக் குடங்களை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். கடைக்காரரையும் நான் மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன், அது வேறு கணக்கு.

புரோகிராமின் கட்டளைகளும், அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரியும், நான் டைப் செய்கிற எழுத்தும் எல்லாம் அதே மெமரியில்தான் இருக்கின்றன. முகவரியில் ஒரு இலக்கம் மாறினால் புரோகிராம் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி விழுகிறது. எழுத்தில் மாறினால்?

அதைத்தான் அவனிடம் கேட்டேன். “தமிழ் எழுத்தை இது எப்படிடா வைத்துக்கொள்கிறது?” யூனிகோடு அட்டவணையை அனுப்பினான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ர 2992, ற 2993. ல 2994, ள 2995. ழ 2996, வ 2997.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரட்டைப்படை எண்ணை நம் 0, 1 முறையில் எழுதினால் கடைசி இலக்கம் 0. அது 1 ஆனால் அடுத்த ஒற்றைப்படை எண். லகரம் ளகரமாகும். ரகரம் றகரமாகும். மழை மவையாகும். ந 2984, ன 2985. கால் வாங்கிய குறி 3006, அதற்கடுத்த 3007 மேல்விலங்கு. அதனால் பாட்டு பிட்டானது. ப 2986, த 2980. இவற்றுக்கு அடுத்த எண்ணில் எழுத்தே கிடையாது. அதனால்தான் கட்டம்.

சிவப்பு வட்டம் போட்ட அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். லகரம் ளகரமானது ஆறு இடம். ளகரம் லகரமானது? ஒன்றுகூட இல்லை. ர, ற-வும் அப்படியே, ஒரு பக்கமாக மட்டும். முப்பத்தொரு வருடம் சொல்வதெழுதல் திருத்தியவள் நான். தெரியாத பிள்ளை இரண்டு பக்கமும் தப்பு செய்யும், வேலையை வேளை என்று எழுதும், வேளையை வேலை என்றும் எழுதும். ஒரே பக்கமாகத் தப்பு செய்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. மழையை மவை என்று எழுதிய பிள்ளையையும் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை. கண்ணெதிரே இருந்தது. கோபத்தில் பார்க்கவில்லை.

1991-இல் கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்புத் தப்பாக எழுதுவாள். கவனமில்லை என்று முட்டி போட வைத்தேன். கண் பரிசோதனை முகாம் வந்தபோதுதான் அவளுக்குத் தூரப்பார்வை இல்லை என்று தெரிந்தது. நீயும் இதைப் படிப்பாய், கண்ணு. அந்த நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். பெட்டியில் இரண்டு ராம் பட்டை. எது கெட்டது என்று எப்படித் தெரியும்? கரண்டை அணைத்து, வயரையே பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டு (உடம்பில் தேங்கிய மின்சாரம் பட்டையைக் கெடுத்துவிடுமாம்) இரண்டையும் கழற்றினேன். அதன் அடியில் மஞ்சளாகப் பல் வரிசை போல் இருக்கும் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னான். நம் ஊர் ஈரத்துக்கு அங்கே அழுக்குப் படியும். பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும் என்றான். தேய்த்தேன், துகளைத் துடைத்தேன், மாட்டினேன். அன்றிரவும் சிவப்பு வரி.

பிறகு ஒரு பட்டை மட்டும். சுத்தம். அதை எடுத்துவிட்டு மற்றது மட்டும். சிவப்பு. அதையே பக்கத்துக் குழியில் மாற்றி மாட்டினேன். அங்கேயும் சிவப்பு. நல்ல பட்டையை அந்தக் குழியில் மாட்டினால் சுத்தம். குற்றம் குழியோடு தங்கியிருந்தால் மதர்போர்டு, பட்டையோடு போனால் பட்டை. ஐந்து ராத்திரி ஆனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது என்று அவன் சொன்னபோது, அறிவியல் பாடத்தில் இதை நானே சொல்லிக் கொடுத்த ஞாபகம் வந்தது. புதுப் பட்டை எண்ணூறு ரூபாய். மாட்டி இன்றோடு முப்பத்தெட்டு நாள். ஒரு தடவைகூட விழவில்லை.

நடுவில் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக நினைத்தேன். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணு முறையில் தேர்தல் நடந்தபோது ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. கணக்குப்படி வரவே முடியாத அளவு ஓட்டு வந்ததால் பிடித்தார்கள். 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருவது. அதாவது ஒரே ஒரு இலக்கம் புரண்டிருக்கிறது. புரோகிராமில் குறை எதுவும் கிடைக்காததால், வானத்திலிருந்து வந்த காஸ்மிக் கதிர் ஒன்று மெமரியில் மோதியிருக்கலாம் என்றார்கள். அந்தக் கதிர்கள் கடற்கரையைவிட மலைமேல் அதிகம். ஊட்டியில் அவற்றை ஆராய்வதற்கென்றே டாடா ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கூடம் வைத்திருக்கிறது. 2014 டிசம்பர் 1-இல் ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததைக்கூட அதே கருவியால் அளந்தார்கள். ஏற்காடும் ஐயாயிரம் அடி உயரமாச்சே என்று மாணவனிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தான். “கதிர் ஒருதடவை அடிச்சுட்டுப் போயிடும் டீச்சர். பதினாலு தடவையும் அதே இலக்கத்துல வந்து அடிக்குமா?” நியாயம்தான்.

இன்னொன்றும் சொன்னான். 2024-இல் இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களிலேயே இப்படி ஒரு வியாதி வந்ததாம். பெரிய விளையாட்டுகள் நடுவில் விழும்; வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் வரும். ஆட்களும் விளையாட்டைச் செய்தவர்களையே திட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டுத் தன்னையே கெடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். விழுகிற இடத்தில் எழுதியிருக்கும் காரணத்தை அப்படியே நம்பக்கூடாது என்றான். நான் நம்பியது திரையில் எழுதியிருந்ததைக்கூட இல்லை, என் சொந்த ஊகத்தை.

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, டைப் செய்தது சரியாகவில்லை. கெட்ட மெமரி வழியாகச் சேமித்தவை எல்லாம் பென்டிரைவ் பிரதியிலும் அதே தப்போடுதான் இருக்கின்றன. 214 பக்கத்தையும் நோட்டோடு வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். மொத்தம் 58 பிழை. 49 இரட்டைப்படை ஒற்றைப்படை ஆனது. மீதி ஒன்பது மனிதப் பிழை. அந்த ஒன்பதில் பேரன் அடித்த பக்கங்களில் இருந்தது மூன்று. ஆறு என்னுடையது. மகளுக்கு இதைச் சொன்னபோது அரை நிமிடம் போனில் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆயுத பூஜை விடுமுறையில் ஆத்தூர் போனேன். நோட்டு, யூனிகோடு அட்டவணை, அந்த ராம் பட்டை மூன்றையும் பையில் வைத்திருந்தேன். அவன் வராந்தாவில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். “வாங்க அம்மாயி” என்றான், நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ர, ற எண்களைக் காட்டினேன். நீ அடித்தது மழைதான், நான் நம்பாமல் விட்டது தப்பு, எல்லோர் முன்னாலும் அசிங்கப்படுத்தியது அதைவிடத் தப்பு என்று சொன்னேன். துணியை வைத்துவிட்டு அட்டவணையை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “ம-க்கு அடுத்தது ய. அப்ப அம்மாயி அய்மாயி ஆயிருக்கும்” என்றான். பிறகு, “அந்த ராமை நான் வச்சுக்கட்டா?” என்று கேட்டான். இப்போது அது அவன் சைக்கிள் சாவியில் தொங்குகிறது.

சிரிக்கிற பொம்மை போட்ட சித்தி, மாமா, பெரியப்பா எல்லோரும் அவனுக்கு ஒரு வார்த்தை தனியாகப் பேசிவிடுங்கள். குழுவில் வேண்டாம், போனில்.

மாணவச் செல்வங்களே, 1986 முதல் 2001 வரை சரிபார்த்தாகிவிட்டது. 2002 நோட்டு மழையில் நனைந்து இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மை கலைந்து பேர்கள் தெரியவில்லை. அந்த வருடம் நான்காம் வகுப்பில் வாழவந்தி, செம்மடுவு பக்கத்திலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பேரையும், கூட உட்கார்ந்தவர்கள் பேரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ழகரம், ளகரம் பார்த்து எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை பேரன் வருகிறான், அந்தப் பக்கங்களை அவன்தான் அடிக்கப்போகிறான்.